நெல்லும் தங்கமும்: பெருமந்தக் கால மதராஸ் மாகாணத்தில் நெருக்கடி விற்பனை

முன்னுரை

உடனடிப் பணத்தேவைக்காகக் கைப்பொருளைக் குறைந்த விலைக்கு விற்பது நெருக்கடி விற்பனை எனப்படும். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தம் மதராஸ் மாகாண வேளாண்குடிகளைப் பெருமளவில் இந்நிலைக்கு உள்ளாக்கியது. பண்ட விலைகளின் வீழ்ச்சியே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. ஆயினும், குறித்த காலத்தில் பணமாகவே செலுத்த வேண்டியிருந்த கடப்பாடுகளே விற்பனையைக் கட்டாயமாக்கின என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கிஸ்தியும் நெல்லும்

ரயத்துவாரி முறையில் நிலவரி 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை பணத்தொகையாக நிர்ணயிக்கப்பட்டது. முந்தைய ஆண்டுகளின் சராசரி விலையைக் கொண்டே விளைச்சல் பணமாகக் கணக்கிடப்பட்டது. எனவே, நெல் விலை சரிந்தபோது வரித்தொகை தானாகக் குறையவில்லை. 1930களின் முற்பகுதியில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே கிஸ்தியைச் செலுத்த ஏறத்தாழ இருமடங்கு நெல்லை விற்க நேர்ந்தது.

கிஸ்தித் தவணைகள் அறுவடையை ஒட்டி அமைந்திருந்தன. தவறினால், 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டப்படி ஜப்தி நடவடிக்கைக்கு இடமிருந்தது. அனைவரும் ஒரே காலத்தில் விற்க வந்ததால் விலை மேலும் தாழ்ந்தது. சேமித்து வைக்க வல்ல பெருநிலக்கிழாரும் வணிகரும் விலை ஏறும்வரை காத்திருக்க இயன்றது. சிறு உழவர்க்கு அது இயலவில்லை. அவர் இழந்த வேறுபாடு, காத்திருக்க இயலாமைக்கு அவர் கொடுத்த விலையே ஆகும்.

கடன் வழி அடைபடல்

முன்னர் இத்தகைய வேளைகளில் கடன் பெற்றுக் கிஸ்தி கட்டி, நெல்லை இருத்தி வைக்கும் வாய்ப்புச் சிலர்க்கேனும் இருந்தது. பெருமந்தத்தில் கடன் கொடுத்தோரின் பணமும் முடங்கியது. அவர்கள் புதுக்கடன் தருவதைச் சுருக்கி, பழங்கடனை வசூலிக்க முனைந்தனர். அதன்பின் எஞ்சியது வீட்டிலிருந்த நகையே.

தங்கம்: இலாபமா, நெருக்கடியா?

1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ் வீதத்தில் ஸ்டெர்லிங்குடன் பிணைக்கப்பட்டது. தோலாவுக்கு ஏறத்தாழ 21 ரூபாயாக இருந்த தங்கத்தின் விலை, 1930களின் நடுவில் 35 ரூபாயை எட்டியது. இந்தியாவிலிருந்து சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 300 கோடி ரூபாய் மதிப்புள்ள தங்கம் வெளியேறியது. இதனை விலையேற்றத்தால் விளைந்த இலாப விற்பனை என அரசுத் தரப்பு விளக்கியது. தேசிய இயக்கத்தினர் ‘நெருக்கடித் தங்கம்’ என்றனர்.

இவ்விரு விளக்கங்களும் ஒன்றையொன்று முற்றிலும் மறுப்பன அல்ல. எப்போது விற்கப்பட்டது என்பதை விலையேற்றம் விளக்குகிறது. யார், ஏன் விற்றனர் என்பதைக் கடப்பாடு விளக்குகிறது. நகையை விற்ற உழவர்க்குச் சந்தை விலையும் முழுமையாகக் கிட்டவில்லை. செய்கூலி திரும்பப் பெற இயலாதது. உருக்குச் சேதாரமும் இடைத்தரகும் கழிக்கப்பட்டன. அடகு வைத்த நகை மூழ்கியபோது விலையேற்றத்தின் பயன் அடகு பிடித்தவரையே சேர்ந்தது. ஆகவே, ஏறுகின்ற விலையில் நிகழ்ந்த விற்பனையும் நெருக்கடி விற்பனையாக இருக்கக்கூடும்.

தீர்வு முயற்சிகள்

இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த 1938ஆம் ஆண்டின் மதராஸ் வேளாளர் கடன் நிவாரணச் சட்டம், வட்டிச் சுமையைக் குறைத்தது. அசலின் இருமடங்கு செலுத்தியோரின் கடன் தீர்ந்ததாகக் கொண்டது. எனினும் அது கடனின் அளவைத் தொட்டதேயன்றி, விற்பனையின் காலத்தைத் தொடவில்லை. விளைபொருளை ஈடாகக் கொண்டு முன்பணம் அளித்த கூட்டுறவுக் கடன் விற்பனைச் சங்கங்களே சிக்கலின் வேரை அணுகின. ஆனால், அவற்றின் பயன் பெரும்பாலும் நிலமும் விளைபொருளும் உடையோரையே சென்றடைந்தது. குத்தகையாளரும் கூலி உழைப்பாளரும் அதற்கு வெளியே நின்றனர்.

முடிவுரை

நெருக்கடி விற்பனையைப் பண்டத்தின் விலையை மட்டும் கொண்டு அளவிட இயலாது. நெல் வீழும் விலையிலும், தங்கம் ஏறும் விலையிலும் விற்கப்பட்டன. இரண்டையும் இணைத்தது தவணை நாளே. எனவே, பெருமந்தக் கால வேளாண் வரலாற்றை ஆராய்வோர் விலைப்பட்டியலுடன் கிஸ்தி அட்டவணையையும் கடன் ஆவணங்களையும் ஒருங்கே வைத்துக் காண்பது இன்றியமையாதது.