கரிசல் மண்ணும் ஒயின் திராட்சையும்

"ஒயின் ஒரு சொட்டுகூட குடிக்காத மனுஷனுக்கு ஒயின் திராட்சையைப் பத்தி என்ன ஆராய்ச்சி?" என்று வீட்டம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்தவன் நான். மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கடன் விண்ணப்பத்தில் இருந்த இரண்டு கட்டங்கள்: எத்தனை ஏக்கர், பாசனம் உண்டா. அது போதாது என்பதை நாசிக் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 14-ஆம் நூற்றாண்டில், முகமது பின் துக்ளக் காலத்தில் தௌலதாபாத்துக்கு வந்த இபின் பதூதா, அங்கே திராட்சையும் மாதுளையும் வருடத்துக்கு இருமுறை பலன் தருவதாக எழுதியிருக்கிறார். தௌலதாபாத் இருப்பது நாசிக்குக்குக் கிழக்கே, இதே தக்காணப் பீடபூமியில். அவர் வியந்த அந்த விஷயம்தான் இன்றைய ஒயின் விவசாயிக்குத் தலைவலி!

பிரான்சில் குளிர்காலம் வந்தால் கொடி இலையை உதிர்த்துத் தூங்கிவிடும். வசந்தத்தில் துளிர்க்கும், செப்டம்பர் வாக்கில் அறுவடை. இங்கே கொடிக்குத் தூக்கமே கிடையாது. சும்மா விட்டால் மழைக்காலத்தில் காய்த்து, பூஞ்சை பிடித்து அழுகிப் போகும். அதனால் இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். ஏப்ரலில் வெட்டுவது புதுக் கிளைக்காக. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் வெட்டுவது பழத்துக்காக. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. ஆக, இரண்டு காய்ப்பில் ஒன்றை வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

குளிர்காலப் பழத்துக்கு என்ன விசேஷம்? நாசிக் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மாதங்களில் பகலில் 30 டிகிரியை ஒட்டிய வெயில், இரவில் 10 டிகிரி வரை இறங்கும் குளிர். வெயில் சர்க்கரையை ஏற்றும், குளிர் புளிப்பைக் காப்பாற்றும். ஒயினுக்கு இரண்டும் வேண்டும்.

நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் குளிர் இல்லை. அதனால்தான் அங்கே வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இனி மண்ணுக்கு வருவோம். நாசிக் பூமி முழுக்க எரிமலைக் குழம்பு ஆறிய பாறை. அது சிதைந்து தாழ்வான இடங்களில் கரிசலாகப் படிந்திருக்கிறது. மேட்டுச் சரிவுகளில் சரளையாகக் கிடக்கிறது. மராத்தியில் 'முரூம்' என்பார்கள். கரிசல் தண்ணீரை விடாமல் பிடித்து வைக்கும். கொடி செழித்து இலையாகத் தள்ளும், பழம் நீர்த்துப் போகும். முரூமில் தண்ணீர் நிற்காது. கொடி கொஞ்சம் கஷ்டப்படும், பழம் சிறுக்கும், சாறு அடர்த்தியாகும்.

1997-ல் ராஜீவ் சாமந்த் நாசிக்கில் சாவின்யான் ப்ளாங்க் கொடிகளை நட்டார்; 2000-ல் சூலா ஒயின் வந்தது. 2001-ல் மகாராஷ்டிர அரசு ஒயின் கொள்கை அறிவித்தது. அப்புறம் கேட்கணுமா.. ஆளாளுக்கு நட்டார்கள்.

2006-ல் இங்கே ஒரு கிளையில் இளம் அதிகாரியாக இருந்தேன். ஒரு பெரியவரின் 2 ஏக்கர் கரிசலுக்கு ஒயின் திராட்சைக் கடன் சிபாரிசு செய்தேன். கொடி பந்தல் மாதிரி படர்ந்தது, காய்ப்பும் ஏராளம். எனக்கு ஒரே பெருமை! ஆனால் சர்க்கரை ஏறவில்லை என்று வாங்குபவர் விலையைக் குறைத்தார். 2008-க்குப் பிறகு ஒயின் விற்பனை சரிந்ததும் வாங்கவே வரவில்லை. பெரியவர் கொடிகளைப் பிடுங்கிப் போட்டார்.

"சாஹேப், உங்க ஃபாரத்துல மண்ணுக்கு ஒரு கட்டம் இல்லையே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதே நிலத்தில் சாப்பாட்டுத் திராட்சை போட்டு, ஐந்து வருடத்தில் கடனை அடைத்தார்.

இப்போது மறுபடியும் நாசிக் போஸ்டிங். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து பார்க்கிறேன். ஜனவரியில் ஷீரடி, திரியம்பகேஸ்வரர் என்று இந்தப் பக்கம் வருகிறவர்கள், சரிவில் நிற்கும் கொடியையும் சமவெளிக் கொடியையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.