கையெழுத்தில்லாத் தடை: யாழ்ப்பாணத்துச் செய்தியும் இணைய முடக்கமும், 1981–2024

ஆய்வுச் சுருக்கம்

இலங்கையில் அரசியல் செய்தித்தளம் ஒன்று இணையச் சேவை நிறுவனங்களின் வழியே முடக்கப்பட்டது 2007 ஜூன் மாதத்தில்தான் முதன்முதலாகப் பரவலாகத் தெரியவந்தது. அந்தத் தளம் தமிழ்நெற். இக்கட்டுரை அந்த முடக்கத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டின் செய்தித் தடை வரலாற்றுக்குள் வைத்து நோக்குகிறது. அச்சு ஊடகத்தின் மீது சட்டவழி வந்த தடைக்கு ஒரு கட்டளைத் தாளும் அதில் ஒரு பெயரும் இருந்தன. ஆகவே அதை எதிர்த்து நீதிமன்றம் செல்ல முடிந்தது. தடையை நிறைவேற்றும் வேலை சேவை நிறுவனங்களிடம் போனபோது அந்தத் தாள் வாசகரின் கண்ணிலிருந்து மறைந்தது. அதை மீண்டும் வெளியே கொண்டுவர நடந்த முயற்சிகளின் வரலாறே இலங்கையின் இணையத் தணிக்கை விவாதம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. தீயும் முற்றுகையும்

1841 இல் ‘உதயதாரகை’ வெளிவந்த நாள் முதல் பத்திரிகை வாசிப்பு யாழ்ப்பாணத்தின் அன்றாடப் பழக்கமாக வளர்ந்தது. அந்தப் பழக்கத்தின் மீது விழுந்த பெரிய அடி தீயாக வந்தது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் அதே நாட்களில் எரிக்கப்பட்டது. 1987 ஒக்டோபர் 10 ஆம் திகதி இந்திய அமைதிப்படை ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ ஆகிய பத்திரிகைகளின் அச்சகங்களைத் தகர்த்தது.

குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த 1990–1995 காலத்தில் செய்தி இரு பக்கமும் நெருக்கப்பட்டது. அரசின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் மின்கலங்களும் இருந்தன. மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்ட தலைமுறை இன்றும் ஊரில் இருக்கிறது. உள்ளூரிலோ, இயக்கத்தை விமர்சிக்கும் குரலுக்கு இடம் இருக்கவில்லை. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரான மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகம அதற்குச் சற்று முன்பே, 1989 செப்டெம்பர் 21 அன்று, கொல்லப்பட்டதும், அவ்வமைப்பினர் பின்னர் தலைமறைவாக இயங்க நேர்ந்ததும் அந்தச் சூழலைக் காட்டும். செய்தியை அடக்கிய கைகள் பல என்பதை மறந்தால் இந்த வரலாறு பாதியாகிவிடும்.

இக்காலத் தடைகளில் பெரும்பாலானவற்றுக்கு முகம் இல்லை. நூலகத்தை எரிக்கும்படி எழுதப்பட்ட கட்டளை எதையும் யாரும் நீதிமன்றத்தில் வைத்து வாதாடவில்லை. தீயை எதிர்த்து மனுப் போட முடியாது.

2. சீல் வைத்த கதவு: 2000

சட்டத்தின் முகத்தோடு வந்த தடைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு 2000 ஆம் ஆண்டினது. ஏப்ரல் 22 இல் ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்தது. புலிகள் யாழ்ப்பாணத்தை நோக்கி முன்னேறிய நிலையில், மே 3 ஆம் திகதி அரசு பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கடுமையான அவசரகால ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. செய்தித் தணிக்கைக்கெனத் ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ ஒருவர் நியமிக்கப்பட்டார். மே 19 இல் யாழ்ப்பாணத்தின் ‘உதயன்’ நாளிதழ் மூடப்பட்டுச் சீல் வைக்கப்பட்டது. சில நாட்களில் கொழும்பின் ‘சண்டே லீடர்’ வார இதழுக்கும் அதே கதி நேர்ந்தது.

‘சண்டே லீடர்’ வெளியீட்டாளர்கள் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் சென்றார்கள். தகுதிவாய்ந்த அதிகாரியின் நியமனமே சட்டப்படி செல்லாது என்று 2000 ஜூன் 30 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் பிறப்பித்த தடைக் கட்டளையும் செல்லாததாயிற்று. அதன் பின் ‘உதயன்’ அலுவலகமும் திறந்தது.

இவ்வழக்கில் போரைப் பற்றியோ, செய்தி உண்மையா பொய்யா என்பதைப் பற்றியோ தீர்ப்புத் தேவைப்படவில்லை. கட்டளை இட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற ஒரு கேள்வியே போதுமாக இருந்தது. கட்டளைத் தாளில் ஒரு பெயர் இருந்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தது.

சட்டவழித் தடை நீங்கியதும் பழைய வழி திரும்பியது. அதே ஆண்டு ஒக்டோபர் 19 இரவு பிபிசிக்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தமது வீட்டில் கொல்லப்பட்டார். 2006 மே 2 இல் ‘உதயன்’ அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். அதே வேளை உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கான யுனெஸ்கோவின் நிகழ்வு கொழும்பில் நடந்துகொண்டிருந்தது.

3. தமிழ்நெற்: 2007

1997 இல் தொடங்கிய தமிழ்நெற், வடக்கு கிழக்கிலிருந்து வரும் செய்திகளை முதன்மையாக ஆங்கிலத்தில் தந்தது. வெளிநாட்டுத் தூதரகங்களும் கொழும்புச் செய்தி அறைகளும் புலம்பெயர்ந்த தமிழரும் அதன் வாசகர்கள். அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவரான ‘தராகி’ தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் பாராளுமன்றத்துக்கு அண்மையில் பிணமாகக் கிடந்தார்.

2007 ஜூனில் யாழ்ப்பாணம் எப்படி இருந்தது? 2006 ஓகஸ்ட் 11 அன்று முகமாலையில் சண்டை மூண்டதோடு ஏ-9 வீதி மூடப்பட்டது. கடல் வழியாகவோ வான் வழியாகவோ வந்தால்தான் பொருள். பத்திரிகைத் தாளுக்கும் தட்டுப்பாடு. 2007 ஏப்ரல் 29 இல் ‘உதயன்’ இளம் செய்தியாளர் செல்வராசா ரஜீவர்ணம் சுட்டுக் கொல்லப்பட்டார். அச்சில் வரமுடியாதது திரையில் வந்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் பெருகியிருந்த நெற் கபேகள் அதற்கு வழிவிட்டன.

ஜூன் நடுப்பகுதியில் இலங்கையின் பெரிய சேவை நிறுவனங்களின் இணைப்பில் தமிழ்நெற் திறக்கவில்லை. சுதந்திர ஊடக இயக்கம் இதை வெளியே சொல்லிக் கண்டித்தது. அரசின் அறிவுறுத்தலால் நிறுவனங்கள் இதைச் செய்தன என்று செய்திகள் வந்தன. ஆனால் வர்த்தமானி அறிவித்தலோ நீதிமன்றக் கட்டளையோ வாசகர் முன் வைக்கப்படவில்லை. பகிரங்கமாகப் பொறுப்பேற்க அரசும் முன்வரவில்லை.

அரசுக்கு ஒரு வாதம் இருந்தது. தமிழ்நெற் புலிகளுக்குச் சார்பான தளம், நாடு போரில் இருக்கிறது, பகைவரின் பிரசாரத்துக்கு வழிவிட முடியாது என்பது அது. இலங்கை அரசியலமைப்பின் 15 ஆம் உறுப்புரை, தேசிய பாதுகாப்பின் பொருட்டுப் பேச்சுச் சுதந்திரத்தை மட்டுப்படுத்த இடம் தருவதும் உண்மை. ஆனால் அந்த உறுப்புரையே மட்டுப்பாடு சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. எந்தச் சட்டம் என்று யாரும் சொல்லாதபோது அந்த வாதத்தைச் சோதிக்கும் வாய்ப்பே எழவில்லை.

முடக்கத்தின் விளைவும் விசித்திரமானது. யாழ்ப்பாணத்தில் நடந்ததை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருப்பவர் திரையில் வாசிக்கலாம். நடந்த ஊரில் இருப்பவர் வாசிக்க முடியாது. செய்தி ஊரை விட்டுப் போவதற்குத் தடையில்லை, ஊருக்குத் திரும்பி வருவதற்கே தடை.

4. முடக்கம் நடக்கும் விதம்

வாசகர் ஒரு தளத்தின் பெயரைத் தட்டச்சிட்டதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைச் சேவை நிறுவனத்தின் கணினி தேடித் தருகிறது. அங்கே பெயரை நீக்கிவிட்டால் தளம் இல்லாததுபோல் ஆகிவிடும். தபாற்காரர் வீட்டை இடிக்கவில்லை. ‘அப்படி ஒரு விலாசம் இல்லை’ என்று கடிதத்தைத் திருப்பிவிடுகிறார். எண் முகவரிக்குச் செல்லும் வழியையே அடைப்பது இன்னொரு முறை. புறொக்சி தளங்களாலும் பின்னர் விபிஎன் செயலிகளாலும் இவற்றைத் தாண்டலாம். தாண்டத் தெரிந்தவர் சிலர். மற்றவர்களுக்கு அது இணைப்புக் கோளாறு.

நிறுவனங்கள் ஏன் பணிந்தன என்பதற்கு விடை உரிமக் கட்டமைப்பில் இருக்கிறது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டமும் அதன் 1996 ஆம் ஆண்டுத் திருத்தமும் சேவை நிறுவனங்களைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கீழ் வைத்தன. ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்தில் அரசுக்கே 49.5 வீதப் பங்கு இருந்தது. மற்ற நிறுவனங்களின் அலைவரிசையும் உரிமமும் அரசின் கையில். குறிப்பிட்ட ஒரு வலைத்தளத்தை எந்த நடைமுறையில் முடக்குவது, யாரிடம் முறையிடுவது என்று அச்சட்டம் விதிக்கவில்லை. விதி இல்லாத இடத்தில் அறிவுறுத்தலே விதியாயிற்று.

இந்த முறை 1981 இன் தீயிடமிருந்து முகமின்மையை எடுத்துக்கொண்டது. 2000 ஆம் ஆண்டின் சீலிடமிருந்து அரச அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. இரத்தமோ புகையோ இல்லாததால் அது தணிக்கையாகவே தோன்றவில்லை.

5. தெற்கை நோக்கி: 2009–2015

2009 மேயில் போர் முடிந்தது. முடக்கம் முடியவில்லை. அரசை விமர்சித்த சிங்கள, ஆங்கிலத் தளங்களின் பக்கம் அது திரும்பியது. லங்கா ஈ நியூஸ் தளத்தில் எழுதிவந்த பிரகீத் எக்னலிகொட 2010 ஜனவரி 24 இல் காணாமலாக்கப்பட்டார். 2011 ஜனவரி இறுதியில் அதன் அலுவலகம் எரிக்கப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் அந்தத் தளமும் ஸ்ரீலங்கா மிரர், ஸ்ரீலங்கா கார்டியன் முதலியனவும் முடக்கப்பட்டன. இலங்கை பற்றிய செய்தித்தளங்கள் ஊடக அமைச்சில் பதிவு செய்ய வேண்டும் என்ற அறிவிப்பும் வந்தது. ஆள், கட்டடம், முகவரி என்று அடி மூன்று நிலைகளில் விழுந்தது.

முடக்கத்தை எதிர்த்த அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு ஏற்க உயர் நீதிமன்றம் 2012 மேயில் மறுத்தது. 2000 இல் அச்சு ஊடகத்துக்குத் திறந்த கதவு இணைய ஊடகத்துக்குத் திறக்கவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2011 நவம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை, இணையத்தில் கருத்துச் சுதந்திரம் எதிர்கொண்ட இந்த நெருக்கடியைப் பதிவு செய்தது. தமிழ்நெற்றுக்கு நேர்ந்தபோது தென்னிலங்கையில் சிலரே எழுப்பிய கேள்வி இப்போது அங்கும் பலருடைய கேள்வியாயிற்று.

2015 ஜனவரி 8 தேர்தலோடு ஆட்சி மாறியது. சில நாட்களில் தமிழ்நெற் உள்ளிட்ட தளங்கள் திறந்தன. மகிழ்ச்சியின் நடுவே ஒன்று கவனிக்கப்படாமல் போனது. மூடியபோது கட்டளை காட்டப்படவில்லை. திறந்ததும் ஆட்சியாளரின் சொல்லால்தான். வாய்ச்சொல்லால் திறந்ததை வாய்ச்சொல்லால் மூடவும் முடியும்.

6. தாள் வெளிவந்தது: 2017–2022

2017 நவம்பரில் லங்கா ஈ நியூஸ் மீண்டும் முடக்கப்பட்டது. இம்முறை கையில் ஒரு புதிய கருவி இருந்தது: 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். கிரவுண்ட்வியூஸ் தளம் அச்சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தது. 2015 முதல் 13 தளங்கள் முடக்கப்பட்டதாக ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதில் காட்டியது. ஜனாதிபதி செயலகமும் ஊடக அமைச்சும் கோரிக்கை விடுத்த வழிகளும் அதில் வெளிப்பட்டன. பத்தாண்டுகளாகக் கண்ணில் படாதிருந்த தாளின் ஒரு மூலை அன்று தெரிந்தது.

அடுத்து வந்த முடக்கங்கள் தனித் தளங்களைத் தாண்டிச் சமூக ஊடகம் முழுவதையும் மூடின. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை மூண்டபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவை ஒரு வாரமளவில் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களின் பின்னும் அவ்வாறே. இங்கே தணிக்கைக்கு எதிரான வாதம் எளிதாக இல்லை. சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளைக் கட்டுப்படுத்தத் தவறியதை பேஸ்புக் நிறுவனமே ஏற்று, 2018 வன்முறையில் தன் தளத்தின் பங்குக்காக 2020 இல் மன்னிப்புக் கேட்டது. ஆயினும் வெறுப்பைப் பரப்பியவரோடு, உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வட்ஸ்அப்பைத் திறந்தவரும் தடைபட்டார்.

2022 ஏப்ரல் 3 இல், மக்கள் போராட்டம் கொதித்தெழுந்த நேரத்தில், பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கையால் சமூக ஊடகம் நள்ளிரவுக்குப் பின் முடக்கப்பட்டது. மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டது. அன்று பிற்பகலே சேவைகள் திரும்பின. கோரியவர் யார் என்பது சில மணி நேரத்தில் தெரிந்ததும், தடை ஒரு நாள்கூட நீடிக்காததும் சேர்ந்தே நிகழ்ந்தன.

7. நிகழ்நிலைக் காப்புச் சட்டம்

2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஜனவரி 24 இல் 62 வாக்குகளுக்கு எதிராக 108 வாக்குகளால் நிறைவேறி, பெப்ரவரி 1 இல் சபாநாயகரின் சான்றைப் பெற்றது. ஐவர் கொண்ட ஆணைக்குழு, தடைசெய்யப்பட்ட கூற்றுகள், நீதவான் நீதிமன்றக் கட்டளை, சேவை நிறுவனங்கள் அணுகலை முடக்கும் கடப்பாடு ஆகியன அதில் எழுதப்பட்டுள்ளன. உயர் நீதிமன்றம் கூறிய திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டால் சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையும் வந்து தோற்றது.

ஒரு வகையில் பார்த்தால், முடக்கத்துக்குப் பெயரும் நடைமுறையும் வந்துவிட்டன. ஆனால் எது பொய்க் கூற்று என்று முதலில் தீர்மானிக்கும் வேலை, ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவிடம் இருக்கிறது. நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் தேவை என்பது ஓரளவு காப்பு. அயலில் இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவும் முடக்கத்துக்கு விரிவான நடைமுறை வகுத்தது; அதே வேளை அதன் விதிகள் கோரிக்கைகளையும் நடவடிக்கைகளையும் இரகசியமாக வைத்தன. காஷ்மீர் இணையத் துண்டிப்பு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில், துண்டிப்புக் கட்டளைகளை வெளியிட வேண்டும் என்றது. சட்டம் இருப்பது வேறு, கட்டளை வெளியே தெரிவது வேறு என்பதை அவ்விரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

முடிவுரை

போர், கலவரம், வெறுப்புப் பேச்சு ஆகியவை உண்மையான ஆபத்துகள். எந்த நிலையிலும் எந்தத் தளத்தையும் முடக்கக் கூடாது என்று இந்த வரலாற்றிலிருந்து முடிவு கட்ட முடியாது. முடக்கியவர் யார், எந்தச் சட்டத்தின் கீழ், எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாளுக்கு என்ற நான்கையும் வாசகரின் திரையிலேயே எழுதிக் காட்டாத முடக்கத்தை நீதிமன்றத்தாலும் சோதிக்க இயலாமற் போயிற்று என்பதே இங்கு தெரிவது.

‘உதயன்’ கதவில் வைத்த சீல் ஆறு வாரங்களில் செல்லாததாயிற்று. அந்தத் தடையின் பின்னால் வாசிக்கக்கூடிய ஒரு கட்டளையும் கேள்வி கேட்கக்கூடிய ஓர் அதிகாரியும் இருந்தனர். தமிழ்நெற்றைத் திறக்க ஏழரை ஆண்டுகளும் ஓர் ஆட்சி மாற்றமும் தேவைப்பட்டன.