வால்வின் இரைச்சலை அடக்கிய வரலாறு

1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி பொறெஸ்ற் மூன்று மின்வாய்களையுடைய வால்வை ஆக்கினார். மெல்லிய மின்குறியைப் பெருக்கவல்ல அக்கருவிக்கு வேண்டியது வேண்டாதது அறியும் ஆற்றல் இல்லை. பெட்டி சிறிது அதிர்ந்தாலும் உள்ளிருக்கும் நுண்கம்பிகள் நடுங்கும். அந்நடுக்கமும் ஒலியாகப் பெருகும். இழையை மாறுமின்னோட்டத்தாற் சூடாக்கினாலோ ஓயாத இரைச்சல் எழும். முதற்படியிற் புகுந்த குறை அடுத்தடுத்த படிகளிற் பன்மடங்காகுமாதலின், அதனை அங்கேயே தடுத்தல் வேண்டியதாயிற்று. வால்வின் தாங்கியை இறப்பர் மீது இருத்தினர். புறத்தூறுகளைத் தடுக்க உலோகக் கவசம் அணிவித்தனர். 1920களின் பிற்பகுதியிற் பரவிய மறைமுகச் சூடாக்கல், சூடேற்றும் இழையை எதிர்மின்வாயினின்றும் பிரித்து இரைச்சலைத் தணித்தது. 1950களில் ஐரோப்பாவில் வெளிவந்த ஈ. எவ். 86 என்னும் வால்வில், உறுதியான மின்வாய்கள், இரட்டையாய் முறுக்கிய இழை, உட்கவசம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தன. இம்முயற்சிகளின் பயனாகவே, மெல்லப் பேசுவோரின் குரலும் ஒலிப்பதிவில் மாசின்றி நிலைக்கலாயிற்று.