ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறும் கொடுவா: முட்டுக்காட்டில் தூண்டில் போடுபவர்கள் பெரிய மீனை ஏன் விட வேண்டும்?

தாம்பரத்தில் இருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் கோவளம். பக்கத்திலேயே முட்டுக்காடு. உப்பங்கழி கடலோடு சேரும் அந்த முகத்துவாரத்தில் விடியற்காலையில் தூண்டிலோடு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் எதிர்பார்ப்பது ஒரே மீனைத்தான். அது கொடுவா.

கொடுவா என்பது எந்த மீன்?

வங்காளத்தில் பேட்கி, ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்று சொல்வது இதைத்தான். கடலிலும் வாழும், உப்பங்கழியிலும் வாழும், ஆற்று நீரிலும் ஏறும். அமெரிக்காவின் புளோரிடா கடற்கரையில் தூண்டில்காரர்கள் தேடிப் போகும் ஸ்னூக் மீனும் கிட்டத்தட்ட இதே குணம் கொண்டது. இரண்டையும் ஒரு காலத்தில் ஒரே குடும்பமாகவே வகைப்படுத்தி வைத்திருந்தார்கள்.

ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன?

சாதாரண தூண்டிலில் ஈயக்குண்டின் எடையோ, லூரின் எடையோ நரம்பைத் தூரமாக இழுத்துப் போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் அப்படியே தலைகீழ். முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த 'ஃப்ளை'க்கு எடையே இருக்காது. தடிமனான லைனுக்குத்தான் எடை. அதை முன்னும் பின்னும் வீசி, சாட்டை போல விரித்து விட வேண்டும்.

கடலுக்கு 8 அல்லது 9 எண் ராடு பொருந்தும். சின்ன மடவை, இறால் போலத் தெரியும் ஃப்ளை போதும். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி இருக்கும் என்பதால், முள்ளுக்கு முன்னால் கனமான நரம்பு கட்டாயம். சென்னையில் இந்த முறை அரிது. லூர் போடுபவர்கள்தான் அதிகம்.

எப்போது கிடைக்கும்?

கொடுவா துரத்திப் பிடிக்கும் மீன் இல்லை, பதுங்கி அடிக்கும் மீன். பாறை, பாலத்தூண், நீரோட்டத்தின் ஓரம் ஆகிய இடங்களில் காத்திருக்கும். நீர் ஏறி இறங்கும் நேரத்தில் சின்ன மீன்கள் முகத்துவாரம் வழியாக அடித்து வரும்போது இரை எடுக்கும். அதிகாலையும் அந்தி நேரமும் நல்லது. கோடையில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிடுவதும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் மறுபடி திறந்துகொள்ளும்.

பெரிய மீனை ஏன் விட வேண்டும்?

விஷயமே இங்கேதான் இருக்கிறது. கொடுவா பெரும்பாலும் ஆணாகவே வளர்கிறது. சில ஆண்டுகள் ஆணாக இனப்பெருக்கம் செய்த பிறகுதான் பெண்ணாக மாறுகிறது. சுமார் 2 கிலோ மீன் என்றால் அநேகமாக ஆண். 5 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் பெண். அதாவது, போட்டோவுக்குத் தூக்கிக் காட்டும் அந்தப் பெரிய மீன்தான் லட்சக்கணக்கில் முட்டையிடும் தாய். அதைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்?

சென்னையில் இயங்கும் சிபா எனப்படும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997-ல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அதன் ஆய்வுப் பண்ணை இருப்பதும் இதே முட்டுக்காட்டில்தான். பண்ணைகளுக்குக் குஞ்சு கிடைக்க அது வழி செய்தது. ஆனால் கழியில் வாழும் மீன்கள் தானாகத்தான் பெருக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 செ.மீ.க்குக் குறைவான பாரமுண்டியையும் எடுக்கக்கூடாது, 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் எடுக்கக்கூடாது. புளோரிடாவின் அட்லாண்டிக் கரையில் 28 முதல் 32 அங்குல ஸ்னூக்கை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். குட்டிக்கும் பாதுகாப்பு, தாய்க்கும் பாதுகாப்பு.

தமிழக கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. ஆனால் அது விசைப்படகுகளுக்கானது. கரையில் நின்று தூண்டில் போடுபவரை அது கட்டுப்படுத்தாது. எதை எடுப்பது, எதை விடுவது என்பது அவரவர் கையில்தான்.

எப்படி விடுவது?

* முள்ளின் கொக்கிப் பகுதியை முன்கூட்டியே குறடால் நசுக்கி விடுங்கள். கழற்றுவது சுலபம்.
* சூடான மணலில் இழுத்துப் போடாதீர்கள். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள்.
* செவுளில் விரல் விட்டுத் தூக்கக்கூடாது. மீனுக்கும் காயம், விரலுக்கும் காயம்.
* அளவு பார்க்க, போட்டோ எடுக்க சில நொடிகள் போதும்.
* தண்ணீரில் தலையை நீரோட்டத்தைப் பார்த்துப் பிடியுங்கள். வாலடித்துத் திமிறினால் விட்டுவிடுங்கள்.

இதையும் கவனியுங்க

முகத்துவாரத்தில் நீர் வடியும்போது இழுப்பு பயங்கரமாக இருக்கும். மணல் விளிம்பு திடீரென சரியும். எனவே இடுப்பளவு தண்ணீரில் இறங்குவது வேண்டாம், தனியாகப் போவதும் வேண்டாம். ஃப்ளை வீசும்போது முள் முதுகுக்குப் பின்னாலும் பறக்கும் என்பதால், கூட்டம் இருக்கும் கோவளம் பீச்சில் வீசக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்குத் தொப்பி அவசியம்.

குழம்புக்கு ஒரு நடுத்தர கொடுவா போதும். பெரியது மாட்டினால், அது திரும்பப் போனால்தான் அடுத்த வருடமும் அங்கே மீன் இருக்கும்.