மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ்: யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாண வரலாற்றை ஆராய்வோர் செப்பேடுகளையும், தோம்புகளையும், கோயிற் பதிவேடுகளையும், மிசனரிமாரின் நாட்குறிப்புகளையும் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். ஆயின் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியை விளங்கிக்கொள்ள உதவும் சான்றொன்று நம் வீட்டு முற்றங்களிலும் வீதியோரங்களிலும் நெடுங்காலம் நின்றிருந்தும், வரலாற்று மாணவர் அதனைப் பொருட்படுத்தியதில்லை. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானியக் கார்களையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம். உலகின் பிற பகுதிகளில் இவை அரும்பொருளகங்களிலும் செல்வர்தம் கொட்டகைகளிலும் ஓய்வு கொண்டபோது, குடாநாட்டில் மட்டும் நாளாந்தம் நோயாளரையும் மணமக்களையும் வெங்காய மூடைகளையும் சுமந்து ஓடியது எதனால் என்பதே இக்கட்டுரையின் வினா.

‘யாழ்ப்பாணத்தான் சிக்கனக்காரன், எதையும் எறியான்’ என்பது இவ்வினாவுக்குப் பலர் கூறும் விடை. இது கேட்பதற்கு இனிதாயினும் வரலாற்று விளக்கமாகாது. ஒரு சமூகத்தின் பழக்கத்தை அதன் இயல்பு என்று கூறி அமைவது, அப்பழக்கத்தை உண்டாக்கிய காரணங்களைத் தேடாது விடுவதற்கு ஒப்பாகும். அக்காரணங்களை அரசின் கொள்கையிலும், இயந்திரத்தின் அமைப்பிலும், கைவினைஞரின் அறிவிலும் காணலாம் என்பது எமது கருத்து.

முதலில் இக்கார்கள் இங்கு வந்து சேர்ந்த காலத்தை நோக்குவோம். இரண்டாம் உலகப் போரின் பின்னர் அந்நியச் செலாவணி தேடிய பிரித்தானியா தன் கார்களைக் குடியேற்ற நாடுகளுக்கும் பொதுநலவாய நாடுகளுக்கும் பெருமளவில் ஏற்றுமதி செய்தது. ஒஸ்ரின் ஏ40 டெவன் 1947இலும், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இலும், ஏ40 சோமசெற் 1952இலும் வெளிவந்தன. மொறிஸ் மைனர் பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெருமையையும் பெற்றது. அரசாங்க உத்தியோகத்தராகவும் ஆசிரியராகவும் வைத்தியராகவும் தென்னிலங்கையிலும் மலாயாவிலும் ஊதியம் பெற்ற யாழ்ப்பாணத்து நடுத்தர வகுப்பினருக்கு இச்சிறு கார்கள் எட்டக்கூடியனவாக இருந்தன.

அக்காலத்து அரசியலும் இக்கார்களின் உடலிலேயே எழுதப்பட்டிருந்தது. இலங்கையின் ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அமைந்த பழைய இலக்கத்தகடுகள் நீங்கி, 1957ஆம் ஆண்டு தை மாதம் முதல் புதிய வாகனங்களிற் சிங்களச் ‘ஸ்ரீ’ எழுத்து இடம்பெற்றது. தமிழரசுக் கட்சியினர் அதற்கு மாறாகத் தமிழ் ‘ஸ்ரீ’ எழுத்தைப் பொறித்து வாகனங்களைச் செலுத்தினர். 1958இன் முற்பகுதியில் சிங்கள ‘ஸ்ரீ’ பொறித்த அரச பேருந்துகள் வடக்கிற்கு அனுப்பப்பட்டபோது அவ்வெழுத்தின்மீது தார் பூசும் இயக்கம் நடைபெற்றது. ஆகவே ஒரு பழைய காரின் தகட்டை வாசிப்பவர் அதன் வயதை மாத்திரமன்றி, அது பிறந்த காலத்து மொழிப் பிணக்கையும் வாசிப்பவராவார்.

1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி இருப்புக் குன்றவே, கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை ஆட்சி செய்த அரசாங்கத்தின் காலத்தில் அக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. இதனால் ஏற்கெனவே வந்து சேர்ந்த கார்களே வழங்கு பொருளாயின. அதே இறக்குமதித் தடை மிளகாய், சின்ன வெங்காயம் ஆகியவற்றின் விலையை உயர்த்திக் குடாநாட்டு விவசாயிகளின் கையிற் பணத்தையும் சேர்த்தது என்பது நோக்கற்பாலது. வாங்கும் ஆற்றல் பெருகியது. வாங்குவதற்குப் புதிய கார் இல்லை. இந்நிலையிற் பழையதைப் புதுக்குவோனின் தொழில் செழித்தது வியப்பன்று. 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்து யப்பானியக் கார்கள் தெற்கின் வீதிகளை நிரப்பத் தொடங்கின. வடக்கிலும் அம்மாற்றம் தொடங்கியதாயினும் போர் அதனை இடைமறித்தது.

1990ஆம் ஆண்டு ஆனி மாதம் போர் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது, ஏ9 வீதி அடைபட்டது, மின்சாரம் அற்றுப்போனது. பெற்றோல், டீசல், பற்றறி, வாகன உதிரிப்பாகங்கள் முதலிய பல பொருட்கள் குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்டன. மண்ணெண்ணெய் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. இத்தகைய சூழலிற் கார்கள் யாவும் நின்றுபோயிருத்தல் வேண்டும். நின்றுபோனவை பெரும்பாலும் புதியவையே; பழையவை ஓடின. இம்முரணை விளக்குவதற்கு இயந்திரத்தின் அமைப்பைச் சிறிது அறிதல் அவசியமாகும்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. அழுத்தம் மிகுந்தால் உரிய கணத்துக்கு முன்னரே பற்றி இயந்திரத்தைத் தட்டவைக்கும். அழுத்த விகிதம் உயர்ந்த பிற்கால இயந்திரங்கள் இதனைத் தாங்கா. 1940களிலும் 1950களிலும் தரங்குறைந்த பெற்றோலுக்கென அமைக்கப்பட்ட ஒஸ்ரின், மொறிஸ் இயந்திரங்களிலோ அவ்விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவினதாகவே இருந்தது. மேலும் மொறிஸ் மைனரில் எரிபொருட் கலவை உட்செல்லும் குழாயும் புகை வெளிச்செல்லும் குழாயும் ஒரே பக்கத்தில் அருகருகே அமைந்தமையால், புகையின் வெப்பம் மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே முறை. பற்றறி நலிந்து ஸ்ராட்டரைச் சுழற்ற வலுவற்றபோதும், முன்புறத் துவாரத்திற் கைபிடியைச் செருகிச் சுழற்றினால், எஞ்சிய சிறு மின்வலு பொறியை எழுப்பப் போதுமானதாயிற்று. பிற்காலக் கார்களுக்கு இவ்வசதி இருக்கவில்லை.

இது நெருக்கடி திடீரெனக் கற்பித்த வித்தையன்று. பிரித்தானியாவில் பேர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளில் உழுதது. குடாநாட்டிலோ, துலாவின் இடத்தைப் பிடித்த நீரிறைக்கும் இயந்திரங்கள் பல பத்தாண்டுகளாகவே பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடிவந்தன. தோட்டக் கிணற்றடியிற் பெற்ற அறிவே பின்னர் வீதிக்கு வந்தது எனக் கருத இடமுண்டு. எனவே விவசாயியின் அறிவும் கராஜ்காரரின் அறிவும் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தன எனலாம்.

எனினும் இதனை வெறும் வீரகதையாகப் பாடுதல் தகாது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைக் கடந்து கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது. கரி படிந்து வால்வுகள் இறுகின. வீதியெங்கும் கண்ணை எரிக்கும் புகை நிறைந்தது. அதனிலும் மேலானதொன்று உண்டு. மாணவர் சாம் போத்தலில் பஞ்சும் திரியும் இட்டுச் செய்த விளக்கில் படித்ததும் அதே மண்ணெண்ணெயைக் கொண்டே. கார் குடித்த ஒவ்வொரு போத்தலும் ஏதோவொரு வீட்டின் பல இரவுகளின் வெளிச்சமாகும். 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, காருடையோர் முதியோரை ஏற்றிச் சென்றனர். பெரும்பாலானோர் நடந்தே சென்றனர். பழைய கார் அன்றும் எல்லோருக்கும் உரிய பொருளாக இருந்ததில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

இக்காலத்தின் இன்னொரு முரணும் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சாள்ஸ் வெயர், இக்கார்களை நெடுங்காலம் நாளாந்தம் பயன்படுத்தலாம் என்ற கொள்கையுடையவர். 1990களில் அவரது முயற்சியால் தென்னிலங்கையில் மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. ஒரே தீவின் ஒரு முனையில் வார்த்தெடுத்த பாகம் கடல் கடந்து சென்றது. மறுமுனையிலோ கைவினைஞர் தகரத்தைத் தட்டியும் பழைய இரும்பைக் கடைந்தும் அதே பாகத்தைத் தாமே செய்துகொண்டனர்.

யப்பானின் மஸ்டா நிறுவனம் 1967இல் சந்தைக்குக் கொணர்ந்த சுழலியந்திரக் காரோடு இதனை ஒப்பிடுதல் பயன்தரும். பெலிக்ஸ் வாங்கல் என்னும் ஜேர்மானியரின் கருத்தில் உருவான அவ்வியந்திரத்தில் மேலுங்கீழும் ஓடும் பிஸ்ரன் இல்லை. முக்கோண வடிவ உறுப்பொன்று சுழன்று வேகந்தரும். 1978இல் வெளிவந்த ஆர்எக்ஸ்-7 காரை இன்றும் புதுக்கி நாளாந்தம் ஓட்ட விழைவோர் பல நாடுகளில் உளர். ஆயின் அதன் முனைகளிலுள்ள அடைப்பிதழ்கள் தேய்ந்தால் ஊர்ப் பட்டறை அவற்றைச் செய்துகொடுக்க இயலாது. எரிபொருளையும் அது மிகுதியாகக் குடிக்கும். நுட்பத்தில் மேம்பட்ட இயந்திரம் நெடிது வாழும் என்பதில்லை; எதனை ஊர்க் கைகள் திருத்தவல்லனவோ அதுவே வாழும். 1960இல் தொடங்கிய அமெரிக்கத் தடையின் பின்னர் பழைய அமெரிக்கக் கார்களைக் காத்த கியூபாவும் இதனையே காட்டுகின்றது.

எமது வீட்டில் நின்ற மொறிஸ் மைனரை எந்தையார் 2021இல் புதுக்கத் தொடங்கினார். 2020இல் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடையால் புதிய காரின் விலை எட்டாததாகியமையே அதற்குக் காரணம். ஆசையினாலன்றித் தேவையினால் தொடங்கிய பணி அது. உக்கிய தரைத்தகடுகளை வெட்டி நீக்கியபோது, அவற்றின் கீழ் மூன்று தலைமுறை ஒட்டுக்கள் படைபடையாகத் தோன்றின. 2002இல் நாட்டில் ஈயமற்ற பெற்றோல் வழக்கிற்கு வந்தமையால், பழைய வால்வு இருக்கைகள் தேயாதிருக்க வன்மையான வளையங்களையும் இடவேண்டியிருந்தது. அவ்வேலையைச் செய்த முதியவர் அளவுகோலைவிடத் தம் செவியையே பெரிதும் நம்பினார். அவரிடம் தொழில் பழகும் இளைஞர் எவரும் இருக்கவில்லை. கார் இப்பொழுது நாளும் ஓடுகின்றது. அடுத்த முறை அது பழுதுற்றால் யாரிடம் செல்வது என்பதற்கு எம்மிடம் விடையில்லை.

2022இன் எரிபொருள் நெருக்கடி, பழைய நாட்களின் வரிசைகளை மீண்டும் நினைவூட்டியது. ஆயின் அவ்வாண்டு ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தபோது, அந்தப் பழைய உபாயத்தின் கதவும் அடைபட்டது. 2025இல் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இனி இக்கார்கள் மணமக்கள் ஊர்வலத்துக்குரிய அலங்காரப் பொருட்களாக எஞ்சலாம். அதனை எண்ணி வருந்துவதற்கில்லை. தடையினாற் பிறந்த வாழ்வு மீளவேண்டுமென எவரும் விரும்பார்.

ஆயின் காரைப் பேணுவது வேறு, காரைக் காத்த அறிவைப் பேணுவது வேறு. முன்னதற்குப் பணமுடையோர் உளர். பின்னதோ ஏட்டில் எழுதப்படாதது. முதிய கைவினைஞர் சிலரின் கையிலும் செவியிலும் மாத்திரம் எஞ்சியிருப்பது. அவர்களோடு அமர்ந்து, கேட்டு, எழுதிவைக்கும் பணி வரலாறு பயிலும் மாணவராகிய எமக்குரியது. சிக்கனம் என்ற ஒற்றைச் சொல்லால் அவர்தம் அறிவை மூடிவிடாது, அதன் காரணங்களையும் விலையையும் உள்ளவாறு பதிவு செய்வோமாயின், குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றுக்கு அது ஒரு சிறு பங்களிப்பாக அமையும்.