கங்காணி வாத்தியாரும் நார்மல் வகுப்பும்



நம் தாத்தா பாட்டிமார் ‘ஆனா ஆவன்னா’ கற்றது யாரிடம்? பெடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் அவர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லர். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கங்காணி, அல்லது ஆபீஸ் கிராணி. சில இடங்களில், காலையில் மரம் சீவிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்த தொழிலாளியே வாத்தியார்.

இதற்குக் காரணம் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. அது கூட்டு மலாய் மாநிலங்களின் சட்டம். 1909இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் பொறுப்புக்கு வந்த கெடா அந்தக் கூட்டில் சேராதது. ஆயினும் ரப்பர் பெருகப் பெருக இங்கும் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. கொட்டகை போட்டுவிடலாம், கற்பிக்க ஆள் வேண்டுமே!

ஒரே அறை, பல வகுப்புகள். சம்பளம் தருபவர் துரை. ஆகவே அந்த வாத்தியார் பாதி ஆசிரியர், பாதி தோட்டத்து ஆள். துரை அழைத்தால் ஆபீசுக்கு ஓடவேண்டும்; லயத்திலோ ஊருக்குக் கடிதம் எழுத அவரைத்தான் தேடி வருவார்கள். ‘நான் யார்?’ என்ற கேள்வி அவருக்கு வராமலா இருந்திருக்கும்? அவரைக் குறை சொல்வது எளிது. தப்பும் தவறுமாகவும் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆனால் அவர் இல்லாவிட்டால் அந்தக் கொட்டகையில் யாருமே இல்லை.

பிறகு வந்தது நார்மல் வகுப்பு. தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புத் தேறிய இளைஞர்கள் வேலையில் சேர்ந்து, வார நாட்களில் பாடம் நடத்தி, வாரக் கடைசியில் பட்டணத்துக்குப் போய்த் தாமே மாணவராக உட்கார்ந்தனர். முதலில் வேலை, பிறகு பயிற்சி. இந்தத் தலைகீழ் வழியில்தான் பலர் ‘வாத்தியார்’ என்ற பெயருக்கு உரிமை பெற்றனர்.

1956இல் ரசாக் அறிக்கை, 1957இல் கல்விச் சட்டம். தமிழ்ப் பள்ளிகள் நாட்டின் கல்வி அமைப்புக்குள் வந்தன. துரையின் கையிலிருந்த ஆசிரியர் மெல்ல அரசாங்க ஊழியரானார்.

பக்கவாசல் மட்டும் அடைபடவில்லை. அண்மைக் காலத்திலும் பயிற்சி பெறாத தற்காலிக ஆசிரியர்கள் தமிழ்ப் பள்ளிகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, அவர்களில் பலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுமுறைக் காலப் பயிற்சிக்குப் புறப்பட்டார்கள்.