கோடாக்ரோம்: தோற்றம் 1935, மறைவு 2010

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஒரு பழைய சாமான் கடையில் ஆறு டாலர் கொடுத்து வாங்கிய தகரப் பெட்டி இது. உள்ளே நாற்பது ஸ்லைடுகள். அட்டைச் சட்டத்தில் சிவப்பு எழுத்தில் ‘கோடாக்ரோம்’ என்று அச்சடித்திருக்கிறது. ஓரத்தில், ஃபிலிமைக் கழுவிய மாதம்: பிப்ரவரி 62. யாருடைய பண்ணை, எந்த ஊர் என்று ஒரு குறிப்பும் இல்லை. பனி மூடிய மேடு, மேட்டின் மேல் சிவப்பு மரக் கட்டடம், பாதி புதைந்த வேலி. நாற்பதிலும் அதே கட்டடம்தான். எடுத்தவருக்கு அலுக்கவே இல்லை போலிருக்கிறது.

ஒரு ஸ்லைடை எடுத்து, மருந்து பூசிய பக்கம் மேலே வரும்படி மேசை விளக்கின் கீழ் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். கூரையின் விளிம்பும் வேலிக் கம்பங்களும் மேடும் பள்ளமுமாக, செப்புத் தகட்டில் செதுக்கினாற்போல் எழும்பி நிற்கும். மற்ற கம்பெனி ஸ்லைடுகளில் இவ்வளவு துலக்கமாக இதைப் பார்க்க முடியாது. கோடாக்ரோமை அடையாளம் காண அட்டையைப் படிக்கவே வேண்டாம், இந்தச் செதுக்கல் போதும்.

இறந்தவரின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் இருவரும் சங்கீதக்காரர்கள். லியோபோல்ட் மான்ஸ் பியானோ வாசிப்பவர், லியோபோல்ட் கோடவ்ஸ்கி வயலின் வாசிப்பவர். நியூயார்க்கில் பள்ளிக்கூட நாளிலேயே சிநேகிதர்கள். வண்ணப் படம் என்று சொல்லி ஒரு தியேட்டரில் காட்டியதைப் பார்த்து, இதைவிட நாமே நன்றாகச் செய்யலாம் என்று கிளம்பினார்கள். 1930இல் ராச்செஸ்டரில் உள்ள கோடாக் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இருட்டறையில் கடிகாரம் பார்க்க முடியாது என்பதால், பிராம்ஸின் சிம்ஃபனியைத் தாளம் பிசகாமல் சீட்டியடித்து நேரத்தைக் கணக்கிட்டார்களாம். 1935இல் சினிமாச் சுருளாகவும், அடுத்த ஆண்டு ஸ்டில் கேமராவுக்கும் கோடாக்ரோம் வந்தது. ஆரம்ப காலப் படங்கள் சீக்கிரமே வெளிறிப்போயின. 1938இல் கழுவும் முறையை மாற்றிய பிறகுதான் அது நாம் அறிந்த கோடாக்ரோம் ஆனது.

இந்த ஃபிலிமின் ரகசியம் விசித்திரமானது. அதில் வண்ணமே கிடையாது. மூன்று அடுக்கு கறுப்பு வெள்ளைப் பூச்சு, அவ்வளவுதான். சாயத்தை எல்லாம் கழுவும்போதுதான் ஏற்றுவார்கள். சிவப்பு வெளிச்சம் காட்டி ஒரு சாயம், நீல வெளிச்சம் காட்டி இன்னொரு சாயம், மிச்சமிருக்கும் அடுக்குக்கு மூன்றாவது சாயம், பிறகு வெள்ளியை முழுக்க வெளியேற்றுவது. சாயத்தின் மூலப்பொருள் ஃபிலிமுக்குள் இல்லாததால் பூச்சு மெலிசு. மெலிசாக இருந்ததால் படம் ஊசி முனை போலக் கூர்மை. ஆனால் இந்த வேலையை வீட்டுக் குளியலறையில் வைத்துச் செய்ய முடியாது, தெரு முனை ஸ்டூடியோவாலும் முடியாது. பெரிய எந்திரமும் கெமிஸ்டும் வேண்டும். பிறந்த குழந்தை ஆயுள் முழுக்க ஒரே மருத்துவமனையை நம்பி இருப்பதுபோல, அந்த ஃபிலிமின் உயிர் லேபில் இருந்தது.

பனிக்கும் கோடாக்ரோமுக்கும் என்ன பொருத்தம்? ஸ்லைடுகளில் இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தை அங்கே ‘பார்ன்’ என்பார்கள். நம் ஊர்த் தொழுவமும் வைக்கோல் பரணும் களஞ்சியமும் ஒரே கூரைக்குள் அடங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே மாடுகள், மேலே கூரை முட்ட வைக்கோல். குளிர்காலம் முழுக்க மாடு வெளியே வராது. பெரும்பாலும் சிவப்பு வண்ணம்தான், அழகுக்காக அடித்ததில்லை. இரும்புத் துருவின் செம்மண் நிறத்தை ஆளி எண்ணெயில் குழைத்தால் மலிவாகப் பெயின்ட் கிடைத்தது. அந்தச் சிக்கனச் சிவப்பைக் கோடாக்ரோம் அளவுக்குச் சரியாகப் பிடித்த ஃபிலிம் வேறில்லை என்பது என் கட்சி. ரத்தச் சிவப்பாகப் பொங்க விடாது, செங்கலாகவும் மங்க விடாது. வெயில் நாளில் பனியின் நிழல் வானத்தை வாங்கிக்கொண்டு நீலமாக இருக்கும். அந்த நீலமும் அதில் அப்படியே விழுந்தது. மாநில அரசே 1946இல் ‘வெர்மான்ட் லைஃப்’ என்று ஒரு பத்திரிகை தொடங்கி, இந்தச் சிவப்பையும் வெள்ளையையும் நீலத்தையும் வைத்தே ஊருக்கு ஆள் கூப்பிட்டது. அதுவும் 2018இல் நின்றுவிட்டது.

1996 தொடங்கி மூன்று குளிர்காலம் நான் அந்தப் பக்கம் வேலையாக இருந்தேன். கோடாக்ரோம் 64 வாங்கி, முதல் பனிப்பொழிவில் முப்பத்தாறு படமும் எடுத்துத் தபாலில் அனுப்பினேன். பெட்டி திரும்பி வந்தபோது பனியையே காணோம். மைதானம் முழுக்கச் சிமெண்ட் கொட்டி மெழுகினாற்போல் சாம்பல். பிழை என்னுடையதுதான். கேமராவின் ஒளிமானிக்கு உலகம் முழுக்கச் சாம்பல் நிறம் என்று நினைப்பு. எவ்வளவு வெள்ளையைக் காட்டினாலும் அதைச் சாம்பலாக்கித்தான் ஓயும். அது சொல்வதைவிட ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூடுதல் வெளிச்சம் கொடுக்க வேண்டும். அடுத்த ரோலில் அந்தக் கணக்கையும் மீறி இரண்டு ஸ்டாப்புக்கும் மேல் கொடுத்தேன். பனி வெறும் ட்ரேசிங் காகிதம் ஆனது. நெகட்டிவ் ஃபிலிம் இந்தக் குற்றங்களை மன்னிக்கும். கோடாக்ரோமுக்கு அரை ஸ்டாப்பே அதிகம். அதனிடம் நான் கற்ற பாடத்தை எந்த வாத்தியாரிடமும் கற்றதில்லை.

குளிரும் தன் பங்குக்குக் கைவரிசை காட்டும். பேட்டரி அரை மணியில் செத்துவிடும், அதனால் இன்னொன்றைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். உறைந்த வறட்டுக் காற்றில் ஃபிலிமை வேகமாகச் சுற்றினால் நிலைமின்சாரம் பொறிந்து, படத்தின் குறுக்கே மின்னல் கீறல் விழும். மெதுவாக, கிணற்றுக் கயிறு இழுக்கிற நிதானத்தில் சுற்ற வேண்டும். வீட்டுக்குள் போகும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாவிட்டால் லென்ஸ் வியர்த்துக் கொட்டும். எல்லாவற்றிலும் பெரிய தொல்லை கால். புதுப் பனியில் ஒரு அடி தப்பாக வைத்தால் முடிந்தது, கோலம் போட்ட வாசலில் மிதித்த கதைதான். எங்கிருந்து எடுப்பது என்று முடிவு செய்யாமல் காரை விட்டே இறங்கக் கூடாது.

நான் அடிக்கடி படம் எடுத்த பண்ணையின் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டியவர். முதல் நாள் அனுமதி கேட்டபோது மேலும் கீழும் பார்த்தார். “கூரையைப் படம் புடிக்கிற நேரத்துல, அந்தப் பால் அறைக் கூரைமேல இருக்கற பனியக் கொஞ்சம் வழிச்சு விட்டா எனக்குப் புண்ணியமாப் போகும் தம்பி” என்கிற பொருளில் ஏதோ சொன்னார். வழித்துவிட்டேன். அன்றைக்கு ஒரு படமும் எடுக்கவில்லை, ஷட்டரை அழுத்த விரலில் உணர்ச்சி இல்லை.

அவரிடம் அப்போது மாடு இல்லை. நான் போவதற்கு முன்பே அந்த ஊரில் முக்கால்வாசித் தொழுவங்கள் காலியாகியிருந்தன. 1940களில் வெர்மான்ட்டில் 11,000க்கும் மேற்பட்ட பால் பண்ணைகள் இருந்தன. இப்போது ஐந்நூறை ஒட்டித்தான். 1950களில் பால் வாங்கும் கம்பெனிகள் கேன் வேண்டாம், இனி குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் சேர்த்து வைத்தால்தான் டேங்கர் லாரி வரும் என்றன. பதினைந்து மாடு வைத்திருந்தவர்கள் அந்தத் தொட்டிக்குக் கடன் வாங்குவதா, மாட்டை விற்பதா என்று யோசித்தார்கள், பலர் மாட்டை விற்றார்கள். 1986இல் பால் மிகுந்துபோனதென்று அரசே பணம் கொடுத்து, மந்தை மந்தையாக மாடுகளை அடிமாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிவைத்தது. மாடு போனால் பார்னில் இருந்த சூடு போகும். தரை உறைந்து உப்பி அஸ்திவாரக் கல்லை நகர்த்தும். கூரையில் ஒரு தகடு பிய்ந்தால் அதை ஒட்ட ஆள் இருக்காது. சில குளிர்காலங்களில் முதுகு வளையும், ஒரு கனத்த பனியில் உட்கார்ந்துவிடும். பலகைகளை வியாபாரிகள் வந்து வாங்கிப் போவார்கள். இப்போது அவை ஏதோ நகரத்து உணவகத்தின் சுவரில் இருக்கும்.

வளைந்த முதுகு படத்துக்கு அழகு என்பதை நாங்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். நன்றாகப் பராமரித்த தொழுவத்தை யாரும் நின்று எடுப்பதில்லை. தொழுவம் விழுவதற்கு முன் பனி விழ வேண்டுமே என்று காத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

கோடாக்ரோமின் சாவைப் பேசும்போது எல்லோரும் டிஜிட்டல் கேமராமேல் பழி போடுவார்கள். பாதி உண்மை. அதற்கு முன்பே நோய் பிடித்துவிட்டது. எந்த ஊரிலும் இரண்டு மணி நேரத்தில் கழுவித் தரும் வேறு வகை ஸ்லைடுகள் வந்துவிட்டன. 1990இல் ஃபியூஜியின் வெல்வியா வந்ததும் பத்திரிகைக்காரர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அதில் சிவப்புத் தொழுவம் கல்யாண வீட்டுப் பந்தல்போல ஜொலிக்கும், எனக்குப் பிடிக்காது. லேப்கள் ஒவ்வொன்றாக மூடின. கடைசியில் உலகம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று மிஞ்சியது: கன்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் ட்வெய்ன்ஸ் ஃபோட்டோ. குடும்பக் கடை.

2009 ஜூனில் கோடாக் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. எந்திரத்திலிருந்து வந்த கடைசி ரோலைக் கேட்டு வாங்கியவர் ஸ்டீவ் மெக்கரி. பச்சைக் கண் ஆப்கன் சிறுமியை 1984இல் கோடாக்ரோமில் எடுத்தவர். முப்பத்தாறு படங்களுக்காக நியூயார்க், இந்தியா என்று சுற்றிவிட்டு, கடைசிப் படத்தைப் பார்சன்ஸ் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எடுத்துக் கொடுத்தார். கழுவக் கொடுக்கக் கடைசி நாள் 2010 டிசம்பர் 30. அந்த வாரம் அந்த ஊருக்கு உலகமே பொட்டலம் அனுப்பியது. ஆர்கன்சாஸிலிருந்து காரில் வந்த ஒரு ரயில்வே ஊழியர் 1,580 ரோல்களைக் கழுவி வாங்கிப் போனார். அத்தனையும் ரயில் படங்கள். பணம் 15,798 டாலர். மெக்கரியின் ரோலைவிட இந்தச் செய்திதான் என்னை அதிகம் உலுக்கியது.

தன் இன்னொரு ஸ்லைடு ஃபிலிமான எக்டாக்ரோமைக் கோடாக் 2018இல் உயிர்ப்பித்துவிட்டது. கோடாக்ரோமும் வருமா என்று இன்னமும் கேட்கிறார்கள். ஃபிலிமைத் தயாரித்தாலும் கழுவ லேப் எங்கே?

என் பெட்டிக்கு வருகிறேன். இருட்டில் வைத்தால் கோடாக்ரோமைப் போல வண்ணம் காக்கும் ஃபிலிம் அந்தக் காலத்தில் இல்லை. 1939க்கும் 1944க்கும் இடையில் அமெரிக்க அரசின் புகைப்படக்காரர்கள் எடுத்த வண்ண ஸ்லைடுகள் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றின் சிவப்பு நேற்றுப் பூசியது மாதிரி இருக்கிறது. ஆனால் அதே கோடாக்ரோம் ப்ரொஜெக்டர் விளக்கைத் தாங்காது. மற்ற ஸ்லைடுகளைவிட வேகமாக வெளிறும். பார்க்காமல் மூடி வைத்தால் நூறாண்டு நிற்பது, சுவரில் போட்டுப் பார்க்கப் பார்க்கத் தேய்கிறது. ஆகவே ப்ரொஜெக்டரைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

ஸ்கேன் செய்து வைப்பதுதான் வழி என்றார்கள். ஸ்கேனரில் தூசியைத் தானாக நீக்கும் வசதி உண்டு. அகச்சிவப்பு ஒளியை ஊடுருவ விட்டு, அது எங்கே தடைபடுகிறதோ அதைத் தூசி என்று எடுத்துக்கொள்ளும். கோடாக்ரோமின் சாயமே அந்த ஒளியை மறிக்கும். முதல் ஸ்லைடில் எந்திரம் தொழுவத்தின் கருநிழலில் இருந்த பலகை இடுக்குகளையெல்லாம் தூசி என்று நினைத்து மெழுகிவிட்டது. அந்த வசதியை அணைத்துவிட்டு, ரப்பர் ஊதுகுழலும் மெல்லிய பிரஷுமாக உட்கார்ந்தேன். பதினேழாவது ஸ்லைடில், கதவுக்குப் பக்கத்துப் பனியில் ஒரு கரும்புள்ளி. ஊதினேன். பிரஷால் தடவினேன். மறுபடி ஊதினேன். போகவில்லை. திரையில் பெரிதாக்கினேன். பால் கேன். லாரிக்காக வெளியே எடுத்து வைத்தது. மூடியின் மேல் ஒரு விரற்கடை பனி ஏறியிருந்தது.